சோற்றில் கலக்கிற மருந்து

1

அக்காவின் ஏர் லெட்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் எழுதவில்லை. எழுத உட்காருகிறேன். "அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய அவா" என்பது வரை வந்துவிடுகிறது. அதற்கு மேல் பேனா நகர மாட்டேன் என்கிறது.

ஊரில் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "இங்கிலாந்து வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதேன்" என்று கேட்டு ஆறு மாதம் இருக்கும். பனி, ரயில், ராணியின் அரண்மனை என்று ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். அரண்மனையை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் தினமும் பார்ப்பது ஒரு மனநோய் ஆஸ்பத்திரியின் வார்டு. ஆகவே அக்காவுக்கு எழுத முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

கடலூர் முதுநகரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் திடுக்கிடுவார்கள். "தனவேலு லண்டன்ல டாக்டருக்குப் படிக்கிறான்" என்று என் அப்பா தன் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இது லண்டனும் இல்லை, நான் படிப்பது டாக்டருக்கும் இல்லை. நர்சு வேலைக்கு. அதிலும் மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சு. இங்கே ஆண்கள் வார்டில் ஆண்களே நர்சாக இருக்கிறார்கள். இந்த உண்மை வீட்டில் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால்தான் அவள் எனக்கு இப்படி எழுதியிருக்கிறாள்:

"தம்பி, மச்சான் மறுபடியும் பழைய மாதிரி ஆயிட்டாரு. சோத்துல மருந்து வெச்சிட்டேன்னு என்னியே சொல்றாரு. ரெண்டு மாசமா எங்கிட்ட பேச்சே கெடையாது. வாழப்பழம் அவரே உரிச்சாத்தான். எளநி அவரு எதுருல வெட்டுனாத்தான். அரிசி கெடைக்காத காலத்துல, ஆக்குன சோத்த தெனம் மாட்டுத் தொட்டியில ஊத்துறேன். நீ படிக்கிற எடத்துல இதுக்கெல்லாம் மாத்திர இருக்குதாமே. அவருக்குத் தெரியாம கொழம்புல கலந்து குடுக்குற மாதிரி ஏதாச்சும் அனுப்பு. ஒன்னத்தான் நம்பிக்கினு இருக்கேன்."

கீழே மிச்சமிருந்த இடத்தில் அவள் மகள் ஆங்கிலத்தில் "டியர் அங்கிள்" என்று ஆரம்பித்து இரண்டு வரி எழுதியிருந்தாள். கான்வென்டில் சேர்த்திருக்கிறார்கள். நான் புறப்பட்ட அன்று "மாமா, போவாத" என்று என் செருப்பை ஒளித்து வைத்த பிள்ளை அது.

மருந்து வைத்துவிட்டாள் என்று பழி சொல்கிற மனிதருக்கு நிஜமாகவே மருந்து வைக்க வழி கேட்கிறாள் அக்கா. படித்தவுடன் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதே காரியத்தை நான் இங்கே ஒரு மனிதருக்குச் செய்து முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

2

முதலில் என் பெயருக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்துமூன்றில் இங்கே வந்து சேர்ந்த அன்று, படிவத்தில் "க. தனவேல்" என்று எழுதினேன். அலுவலகத்து அம்மாள் "க என்றால் என்ன?" என்றாள். கலியபெருமாள், என் அப்பா பெயர் என்றேன். அவள் அதைத்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, நீளமாக இருக்கிறதே என்று பாதியை வெட்டி, "மிஸ்டர் பெருமாள்" என்று அட்டை போட்டுக் கொடுத்துவிட்டாள். என் அம்மா ஒருநாளும் வாயால் சொல்லாத பெயரை இங்கே வார்டு முழுக்கக் கூவிக் கூப்பிடுகிறார்கள். மாற்றச் சொல்லி எழுதினேன். அதற்கொரு படிவம் அனுப்பினார்கள். அந்தப் படிவத்தின் முதல் கட்டம்: குடும்பப் பெயர். விட்டுவிட்டேன்.

வகுப்பு எடுப்பவர் ஒரு சிஸ்டர். நரைத்த தலை, தாழ்ந்த குரல். மனநோய் நர்சுக்கு அவசியமான திறமைகள் என்னென்ன என்று கரும்பலகையில் எழுதப் போகிறார் என்றதும், ஊசி, கட்டு, கரண்ட் வைத்தியம் என்று வருமாக்கும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். பார்ப்பது, கேட்பது, பக்கத்தில் உட்காருவது, எழுதுவது என்று எழுதிவிட்டுச் சாக்கட்டியைக் கீழே வைத்தார். இதற்கா கப்பல் ஏறினேன் என்று இருந்தது. ஒருத்தர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் எங்கள் வீட்டில் திட்டு விழும். இங்கே அதற்குப் பரீட்சை வைக்கிறார்கள்.

எழுதுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். "நோயாளி கோபமாக இருந்தார்" என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் சிவப்பு மையால் அடித்தார்.

"கோபத்தைப் பார்த்தீர்களா? எங்கே இருந்தது?"

"முகத்தில் சிஸ்டர்."

"அப்படியானால் முகத்தை எழுதுங்கள். கோபம் என்று முடிவு கட்டியது நீங்கள்."

மருந்து கொடுக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். தொண்டை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். நாக்குக்கு அடியில் மாத்திரையை ஒளிக்கிறவர்கள் உண்டு. இதில் மட்டும் நான் சீக்கிரம் தேறிவிட்டேன்.

3

வார்டில் ஒருவர் இருந்தார். உண்மைப் பெயர் வேண்டாம், ஆர்தர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது தாண்டியவர். தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். தன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று அவருக்கு எண்ணம். ஓடு உடையாத அவித்த முட்டையும், தானே துடைத்த ஆப்பிளும் தவிர எதையும் தொட மாட்டார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடும்படி இளைத்திருந்தார்.

நான் தினமும் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவராகப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். வேறெப்படி ஒரு மனிதரிடம் பேச்சை ஆரம்பிப்பது? சிலர் சிரித்தார்கள். ஒருவர், விருந்துக்கு அழைக்கிறாயா என்று கேட்டார். ஆர்தர் மட்டும் என் கையையே பார்ப்பார். பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டையையும் நிறுத்திவிட்டார். வார்டுப் பொறுப்பாளர், சார்ஜ் நர்ஸ் என்பார்கள், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவர் உங்களைத்தான் சந்தேகப்படுகிறார். ஏன் தினமும் அவரிடம் சாப்பாட்டைப் பற்றியே விசாரிக்கிறீர்கள்?"

"விசாரிக்கவில்லை சார். அது எங்கள் ஊர் வணக்கம்."

"வணக்கமா?" என்று என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இனிமேல் வானிலையைப் பற்றிப் பேசுங்கள்."

பேசினேன். காலையில் ஒருத்தர் முகத்தைப் பார்த்து, மேகமாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன பிரியம் இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

4

மச்சான் என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. கடலூர் சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். நான் சிதம்பரத்தில் பி.யூ.சி. படித்த வருஷம் முழுக்க அவர் பஸ்ஸில்தான் போய் வந்தேன். அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மச்சான். படியில் கால் வைக்கும்போதே, "சாப்ட்டியாடா மச்சான்?" என்பார். இல்லை என்றால் ஆலப்பாக்கம் வருவதற்குள் தன் தூக்கைத் திறந்து இரண்டு இட்டிலியை என் கையில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு டிக்கெட் கிழிப்பார்.

அந்த மனிதர் ஒருநாள் தன் தூக்கைத் திறப்பதை நிறுத்திவிட்டார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பஸ் கண்டக்டர் காபி வாங்கிக் கொடுத்தானாம். அதில் மருந்து வைத்துவிட்டானாம். வயிற்றில் அது உருண்டையாக நிற்கிறதாம். எங்கள் வீட்டில் யாரும் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கண்டக்டரை மண்ணை வாரித் தூற்றினார்கள். கிள்ளைக்குப் பக்கத்தில் மருந்து எடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அக்காவும் நானும் மச்சானை அங்கே அழைத்துப் போனோம்.

அந்த ஆள் ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்தார். மச்சான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அந்த ஆள் வாந்திக்குள் கையை விட்டு, கறுப்பாக ஒரு உருண்டையை எடுத்துக் காட்டினார். "பாத்துக்கோ, இதான்" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மச்சானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்பவே சொன்னேன்ல மச்சான்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஒரு கடையில் மீன் குழம்பும் சோறும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வருஷத்துக்கும் மேல் நன்றாக இருந்தார்.

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அந்த உருண்டை முதலிலிருந்தே அந்த ஆளின் விரலிடுக்கில் இருந்ததைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த மீன் குழம்பு இல்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

5

அங்கே இல்லாத மருந்தை எடுத்தார்கள். இங்கே இருக்கிற மருந்தை வைத்தார்கள்.

ஆர்தர் முட்டையையும் விட்ட பிறகு டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் இரண்டு மூன்று நாளில் சாப்பிடவில்லை என்றால் மூக்கில் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்றார். குழாய் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். சார்ஜ் நர்ஸ் கெட்டவர் இல்லை. அவரும் அதைத் தவிர்க்கத்தான் பார்த்தார். தேநீரில் மருந்து சிரப்பைக் கலந்து, கசப்பு தெரியாமல் சர்க்கரையை ஜாஸ்தியாகப் போட்டு, கோப்பையை என்னிடம் கொடுத்தார். "வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே கொடுங்கள்" என்றார்.

எடுத்துப் போனேன். ஆர்தர் கோப்பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"இதில் ஏதாவது கலந்திருக்கிறதா?"

தலை மட்டும் தானாக ஆடியது. நம் ஊரில் ஆமாம் என்பதற்கு ஆட்டுவோமே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, அந்த ஆட்டம். இவர்களுக்கு ஆமாம் என்றால் தலை மேலும் கீழும்தான் போக வேண்டும். பக்கவாட்டில் போனால் இல்லை. அது எனக்கு வந்த முதல் வாரமே தெரியும். ஆர்தர் என் தலையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். கோப்பையை வாங்கி மளமளவென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் ஆமாம் என்றுதான் ஆட்டினேன். அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் இல்லை என்று எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தே ஆட்டினேனா, பழக்கத்தில் ஆட்டினேனா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. யோசிக்க யோசிக்கக் குழம்புகிறது.

வார்டில் எனக்கு நல்ல பெயர். "மிஸ்டர் பெருமாள் கொடுத்தால் குடிக்கிறார்" என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள். அன்றிலிருந்து தேநீர் என் வேலை ஆனது. ஆர்தர் தினமும் அதே கேள்வியைக் கேட்பார், நான் அதே மாதிரி தலையை ஆட்டுவேன். சூப் குடித்தார். ரொட்டி சாப்பிட்டார். ஒருநாள் தன் மகளின் போட்டோவைக் காட்டினார். அவர் தேறத் தேற எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் கேட்டபோது நான் கழுத்தை அசைக்காமல் நின்றேன். "ஆமாம், மருந்து கலந்திருக்கிறது. உங்கள் உடம்புக்காகத்தான்" என்று வாயால் சொன்னேன்.

அவர் கத்துவார், கோப்பையை என் மேல் வீசுவார் என்று நினைத்தேன். கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்தார். "அப்படியானால் எனக்குப் பைத்தியம் இல்லை" என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு நோய் இருந்தது, அது நிஜம். தேநீரில் மருந்து இருந்தது, அதுவும் நிஜம்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: "கலந்திருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேநீரைக் கீழே வைத்தார்." சார்ஜ் நர்ஸ் படித்துவிட்டு, "நீங்கள் யாருக்கு நல்லது செய்ததாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை சார் என்றேன். வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வகுப்பு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அந்த மூன்று வாக்கியத்தையும் படித்து, "எழுதியிருப்பது சரியாக இருக்கிறது" என்றார். செய்தது சரியா என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆர்தருக்கு மூக்கில் குழாய் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது அக்கா கேட்கிறாள், கலந்து கொடுக்கவா என்று. கலக்கு என்றால், அந்தக் காபி கண்டக்டர் இருந்த இடத்தில் அவளை நானே உட்கார வைக்கிறேன். மச்சானுக்குத் தெரிந்துபோனால் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் அப்புறம் ஒன்றும் மிச்சமிருக்காது. கலக்காதே என்றால், மச்சான் வாழைப்பழத்தில் எத்தனை நாள் இருப்பார்?

6

மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்து ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

புரட்டாசி சனிக்கிழமை. இங்கே யாருக்கு அது தெரியும்? அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, பகல் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன். என் வார்டுக்காரர்களைத் தோட்டத்தில் நடக்க அழைத்துப் போனபோது, எதிரே அந்தப் பழைய வார்டுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அதில் ஆர்தர். இளைத்திருந்தார், ஆனால் தன் காலால் நடந்து வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வரிசையை விட்டு விலகி என் முன்னால் வந்து நின்றார்.

"மிஸ்டர் பெருமாள், சாப்பிட்டாச்சா?"

இந்த ஊருக்கு வந்து ஒருவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலை பழையபடி ஆடத் தொடங்கியது.

"அது வேண்டாம்" என்றார். "வாயால் சொல்லுங்கள்."

"இல்லை. சாப்பிடவில்லை."

கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு அவித்த முட்டையை எடுத்தார். ஓட்டோடு இருந்தது. "இதில் யாரும் எதையும் கலக்க முடியாது" என்று நீட்டினார். நோயாளியிடம் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. புரட்டாசி சனிக்கிழமையில் முட்டை என்றால் அம்மா மயங்கி விழுந்துவிடுவாள். அதுவும் பெருமாள் என்று பெயர் வைத்துக்கொண்டு! அங்கேயே நின்று ஓட்டை உரித்துச் சாப்பிட்டேன். ஆர்தர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கியதும், "வாயைத் திறங்கள்" என்றார்.

திறந்து காட்டினேன். தலையை மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனார். அது அன்பா, சோதனையா, பழி தீர்த்தலா என்று நான் முடிவு கட்டவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் பதில் எழுதினேன். பேனா நகர்ந்தது. "அக்கா, எதையும் கலக்காதே. மருந்து வேண்டும், அதற்கு டாக்டர் வேண்டும். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. வர மாட்டேன் என்றால் மறுநாளும் கேள். அதுவரைக்கும் ஒன்று செய். அவர் சாப்பிட்டு எழுந்த இலையில் பிறகு உட்காருவதுதானே உன் வழக்கம். அதை விடு. அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் இலையிலிருந்து முதல் வாய் நீ எடுத்துச் சாப்பிடு. அவர் பார்க்கட்டும்." கிள்ளையில் விரலிடுக்கில் பார்த்ததை மட்டும் இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

நேற்று அக்காவின் பதில் வந்தது.

"தம்பி, ஆம்பள சாப்புடறதுக்கு முன்னாடி அவரு எலையில நான் எப்புடிடா கைய வெக்கிறதுன்னு ரெண்டு நாளு தள்ளிப் போட்டேன். மூணாம் நாளு கண்ண மூடிக்கினு வெச்சிட்டேன். அவரு என்னியே பாத்துக்கினு இருந்தாரு. முழுங்கற வரைக்கும் பாத்தாரு. அவரு சாப்புடல. எழுந்தும் போவல. அப்புறமா, உப்பு சரியா இருக்குதான்னு கேட்டாரு. எங்கிட்டதான் கேட்டாரு. எனுக்கு அழுகை முட்டிக்கினு வந்துச்சி, வாயில சோறு வேற. தலைய மட்டும் ஆட்டுனேன்."

நோட்டை எடுத்து, சிஸ்டர் சொன்ன முறைப்படி எழுதினேன்: "உணவைத் தொடவில்லை. எழுந்து போகவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டார். மனைவி தலையை ஆட்டினார்."

எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அக்காவைக் கேட்டு எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம். மச்சானுக்கு அது தெரியும்.